வீட்டிலேயே ரெக்கார்டு வெட்டுகிறவர்கள் யார் யார்? என் தட்டில் ஓயாமல் ஒரு "ம்ம்ம்" கேட்கிறது

மடிப்பாக்கம்_ஒலி

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடமாக ஒலித் தொகுப்பு வேலை. ரெக்கார்டு வாங்கிச் சேர்க்கிற பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது, வெட்டிப் பார்க்கிற ஆசை போன வருடம்தான் பிடித்தது. தொழிற்சாலையில் அச்சு வைத்து அழுத்தி எடுக்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. வெறும் பிளாஸ்டிக் தட்டைச் சுழல விட்டு, பாட்டு ஓட ஓட ஊசி அதிலேயே கோடு இழுத்துக்கொண்டு போகுமே, அது.

முதலில் வெட்ட நினைத்தது எங்கள் அத்தையின் கும்மிப் பாட்டு. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அத்தைக்கு 74 வயது, இன்னமும் தை மாதம் பெண்களை வட்டமாக நிறுத்தி அவர்தான் எடுத்துக் கொடுப்பார். போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், 3 நிமிடம் 10 வினாடி. அவர் வீட்டில் ஒரு பழைய பெட்டி பிளேயர் ஓடும் நிலையில் இருக்கிறது. அதில் அவர் குரலே ஒரு தட்டாகச் சுழல வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கருவி முழுக்க ரிச்சி தெருவில் பொறுக்கியது. பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள். அதன் மேல் குறுக்கே ஒரு தண்டவாளம், டி8 லீட் ஸ்க்ரூ (தலையை நகர்த்தும் திருகு, ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும்), அதைச் சுற்ற நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் தாவிச் சுழலும் வகை), டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் (ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிப்பது). வெட்டும் தலை நானே செய்தது: ஒரு சின்ன ஸ்பீக்கரின் நடுவில் அலுமினியக் குச்சி ஒட்டி, அதன் முனையில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய வைர ஊசி. மோனோதான். தட்டு 1 மி.மீ. பெட்-ஜி (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஷீட், 7 இஞ்ச் வட்டமாக போர்டு எழுதும் கடையில் வெட்டி வாங்குகிறேன். 45 வேகம், மில்லிமீட்டருக்கு 6 கோடு.

பாட்டு கேட்கிறது! முதல் முறை அத்தையின் குரல் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் மூன்று தொல்லை.

முதலாவது, பின்னால் ஒரே சுருதியில் "ம்ம்ம்" என்று ஓடுகிறது. பாட்டு இல்லாத இடத்திலும் இருக்கிறது. எர்த் கொடுத்தேன், கேபிள் மாற்றினேன், போகவில்லை. கரண்ட் இரைச்சல் மாதிரி இல்லை, அதைவிட மேலே இருக்கிறது. அடுத்தது, வெட்டும்போது வருகிற சுருள் ஊசியிலேயே சுற்றிக்கொள்கிறது. தலைமுடி மாதிரி மெல்லியதாக வந்து, பத்து வினாடியில் பஞ்சுப் பொதி ஆகிவிடுகிறது. கடைசியாக, கை தட்டுகிற இடங்களில் பக்கத்துக் கோட்டோடு போய் இடித்துவிடுகிறது, பிளேயர் ஊசி தாவுகிறது.

தமிழில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை. இங்கே யாராவது இருந்தால் என்ன கருவி, என்ன தட்டு, முதலில் எதை வெட்டினீர்கள் என்று உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

லேத்_பீளமேடு

வாங்க தம்பி. கோயம்புத்தூரில் முப்பத்தோரு வருடம் லேத் பட்டறை. இப்போது பட்டறையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். எனக்குப் பாட்டு வழியாக இந்தப் பைத்தியம் வரவில்லை, இரும்பு வழியாக வந்தது. ரெக்கார்டு வெட்டும் கருவிக்கும் லேத் என்றுதான் பெயர் என்று தெரிந்த அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். கழித்துப் போட்ட ஒரு சின்ன லேத்தின் கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) எடுத்து என் கருவியைக் கட்டினேன். முதலில் வெட்டியது எங்கள் பட்டறை ஓடுகிற சத்தம். அதைப் போட்டால் என் மனைவி இன்னும் சிரிப்பாள்.

உங்கள் "ம்ம்ம்" எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 45 சுற்று, மில்லிமீட்டருக்கு 6 கோடு என்றால் தலை நிமிடத்துக்கு 7.5 மி.மீ. நகர வேண்டும். உங்கள் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 2 மி.மீ., அதனால் நிமிடத்துக்கு 3.75 சுற்று. ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், 16-ஆல் பெருக்கினால் 3200. 3.75 சுற்றுக்கு 12,000. அறுபதால் வகுத்தால் வினாடிக்குச் சரியாக 200. அதாவது உங்கள் மோட்டார் வினாடிக்கு 200 முறை வெட்டும் தலையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. 200 ஹெர்ட்ஸ். அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

இவ்வளவு சின்னத் தட்டலா என்று தோன்றும். ஒரு மைக்ரோஸ்டெப்புக்குத் தலை நகர்வது 0.6 மைக்ரான்தான். ஆனால் மோனோ தட்டில் பாட்டே பக்கவாட்டு அசைவுதானே? உங்கள் தலை நகர்வதும் அதே பக்கவாட்டில். மோட்டார் உதறுகிறது என்று ஊசிக்குத் தெரியாது, அதையும் பாட்டு என்றே எழுதிவிடும். ஓரளவு உரக்க வெட்டின 1000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கே கோடு நடுவிலிருந்து 8 மைக்ரான் அளவுக்குத்தான் ஆடும், அப்படியிருக்க 0.6 என்பதை காது விடாது.

நம்பிக்கை இல்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு கொடுக்காமல் வெறும் கோடு வெட்டுங்கள், பாதியில் மோட்டாரை மட்டும் நிறுத்துங்கள். தலை நின்ற இடத்தில் கோடு வட்டமாக மூடிக்கொள்ளும். அந்த வட்டத்தில் "ம்ம்ம்" இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் 6 கோட்டை 5 ஆக்கி (மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும்) ஒரு துண்டு வெட்டுங்கள், சுருதி ஏறினால் திருடன் மோட்டார்தான்.

மாற்று வழி: ஸ்டெப்பரைக் கழற்றிவிட்டு 30 ஆர்.பி.எம். டி.சி. கியர் மோட்டார் போடுங்கள், அதே ரிச்சி தெருவில் கிடைக்கும். மோட்டாரில் சின்னப் புல்லி, ஸ்க்ரூவில் அதற்கு எட்டு மடங்கு பெரிய புல்லி, நடுவில் கேசட் டெக் ரப்பர் பெல்ட். 30-ஐ எட்டால் வகுத்தால் உங்கள் 3.75. மோட்டாரைத் தண்டவாளத்தில் முடுக்காதீர்கள், தனிப் பலகையில் வையுங்கள். அதிர்வு அந்த ரப்பரைத் தாண்டி வரக்கூடாது. டி.சி. மோட்டார் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே போகுமே என்று பயப்பட வேண்டாம். ஸ்க்ரூ வேகம் மாறினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் மாறும், பாட்டின் சுருதி மாறாது. சுருதி முழுக்கத் தட்டின் வேகத்தில் இருக்கிறது.

சுருள் விஷயம். பட்டறையில் டூல் மழுங்கினாலோ கோணம் தப்பினாலோ சுருள் ஒழுங்காக வராது, வெட்டின முகமும் மங்கிப்போகும். இங்கேயும் அதேதான். ஒரு லென்ஸ் வைத்துக் கோட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் நல்ல வெட்டு, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் ஊசி உழுகிறது, வெட்டவில்லை. அந்தச் சாம்பல்தான் இரைச்சலாகக் கேட்கும். ஊசியின் முகம் கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று திருகிப் பாருங்கள், ஒரு டிகிரி இரண்டு டிகிரி கூடப் பெரிய வித்தியாசம். தட்டைக் கொஞ்சம் சூடாக்குங்கள், பெட்-ஜி சூட்டில் வெண்ணெய் மாதிரி இளகும். நான் ஒரு விளக்கைத் தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஊசியின் தண்டிலேயே நைக்ரோம் கம்பி சுற்றிச் சூடேற்றுவதும் பழைய வழக்கம்.

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் தட்டு ஒரு சுற்றில் எவ்வளவு ஏறி இறங்குகிறது? டயல் கேஜ் (மேடு பள்ளம் அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்த்தீர்களா? கோட்டின் அகலம் 60 மைக்ரான் என்றால் ஆழம் 30 தான். தட்டு 50 மைக்ரான் ஏறி இறங்கினால் ஒரு பக்கம் ஆழமாக வெட்டும், மறுபக்கம் காற்றில் போகும். தலையை இறுக்கிப் பிடிக்காமல் மிதக்க விட வேண்டும்.

மடிப்பாக்கம்_ஒலி

ஐயா, ராத்திரியே சோதித்தேன். மோட்டாரை நிறுத்தின இடத்தில் "ம்ம்ம்" அப்படியே அறுந்துவிட்டது. 5 கோட்டில் சுருதி ஏறியது, கணினியில் அளந்தால் 240. உங்கள் கணக்கு அப்படியே வருகிறது. மூன்று வாரமாக எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் வாங்கச் சனிக்கிழமை போகிறேன். டயல் கேஜ் இல்லை, அதையும் தேடுகிறேன்.

ஸ்காபரோ_தட்டு

வணக்கம், நான் டொரண்டோவில் இருந்து. பகலில் வங்கி வேலை, சனி ஞாயிறு கீழறையில் தட்டு வெட்டுறன். ஜெர்மனியில் செய்கிற வினைல் ரெக்கார்டர் டி560 என்ற வெட்டும் கருவி, டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளுக்கு மேலே பூட்டி வைத்திருக்கிறேன், ஸ்டீரியோ. அரங்கேற்றம், கலியாணம் என்று ஆட்கள் கேட்பார்கள், பத்துத் தட்டு, பதினைந்து தட்டு. ஐந்து நிமிசப் பாட்டு பத்துத் தட்டென்றால் ஐம்பது நிமிசம் பக்கத்திலேயே நிற்க வேணும், அதில் குறுக்கு வழி இல்லை. எனக்கு அந்த நிற்கிறது பிடிக்கும்.

தம்பியின் கைதட்டல் பிரச்சினைக்குச் சொல்லுறன். லேத் ஐயா இரும்புப் பக்கத்தை வடிவாகச் சொல்லிவிட்டார், இது சத்தத்தின் பக்கம்.

நீங்கள் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு (ரெக்கார்டுக்கான சத்தச் சீரமைப்பு) போட்டுத்தான் வெட்டுகிறீர்களா? 1954-இல் வந்த விதி அது. வெட்டும்போது தாழ்ந்த சத்தத்தை அமுக்கி, உயர்ந்த சத்தத்தைத் தூக்கி வெட்ட வேணும். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் கீழே, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் மேலே. பிளேயர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடும். வளைவு போடாமல் வெட்டினால் அத்தை போர்வைக்குள்ளே இருந்து பாடுகிற மாதிரிக் கேட்கும், அதோடு தாழ்ந்த சத்தம் கோட்டை அகலமாக ஆட்டி இடத்தைத் தின்னும். போன் பதிவில் காற்று மைக்கில் அடிக்கிற "குபுகுபு" இருக்குமே, அதை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டி எறியுங்கள். உங்களது கோடு இடிக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும், கைதட்டல் அதற்கு மேலே ஏறி நிற்கிறது.

மீதிப் பாதிக்கு, கைதட்டலை மட்டும் லிமிட்டரில் (உச்சச் சத்தத்தை அமுக்குவது) மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். முழுப் பாட்டையும் இறக்கினால் இரைச்சலுக்குப் பக்கத்தில் போய்விடும். "ஸ்", "ச்" சத்தங்களை அடக்குகிற டீ-எஸ்ஸர் உங்களுக்குத் தொழிலிலேயே பழக்கம் இருக்கும், டப்பிங்குக்குப் போடுகிறதைவிட ஒரு படி கூடப் போடுங்கள்.

நான் இந்தப் பாடத்தைக் கற்றது ஒரு பஜனைப் பதிவில். என் முதல் தட்டு அதுதான். பாட்டு நல்லா இருந்தது, மிருதங்கம் நல்லா இருந்தது, ஜால்ரா மட்டும் போகப் போக மணல் அரைக்கிற மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஊசியைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் தட்டின் உள்பக்கம். 45-இல் 7 இஞ்ச் தட்டின் வெளி விளிம்பில் கோடு ஊசிக்குக் கீழே வினாடிக்கு 40 சென்டிமீட்டர் ஓடும், உள்ளே போய் முடிகிற இடத்தில் 25 தான். அதே ஜால்ராவைக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குள் நெருக்கி எழுத வேணும். பிளேயர் ஊசியால் அந்த வளைவுகளுக்குள் போக ஏலாது.

இனி கும்மியை யோசியுங்கள். கும்மியில் கடைசியில்தானே வேகம் கூடும், தட்டல் நெருங்கும்? அந்த இடம் போய் விழுவது தட்டின் உள்பக்கத்தில். அதனால் 6 கோட்டை விட்டுக் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். 3 நிமிசம் 10 வினாடிக்கு 143 சுற்று, ஏறக்குறைய 24 மி.மீ. வெளி விளிம்பிலிருந்து எவ்வளவு முன்னாலே தொடங்க ஏலுமோ அங்கே தொடங்கினால் மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில் முடித்துவிடலாம். பாட்டுக்கு முன்னாலே வெறும் கோட்டை நீட்ட வேண்டாம்.

சுருளுக்கு: ஒரு சின்ன வாக்கும் கிளீனர், அதன் நுனியில் குளிர்பான ஸ்ட்ரோ அளவுக் குழாய், ஊசிக்குப் பின்னாலே மையப் பக்கமாக, ஒரு சில மி.மீ. தூரத்தில். வாக்கும் கிளீனரை அறைக்கு வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சத்தமும் தட்டில் ஏறும். முதல் சுருளைக் குழாய்க்குள் பிடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் அறுபடாமல் போகும். அந்த நூல் அறுபடாமல் போகிறதைப் பார்க்கிறது ஒரு தனிச் சந்தோசம்.

பினாங்கு_எலும்பு

பினாங்கிலிருந்து வணக்கம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என்னிடம் இருப்பது 1940-களின் அமெரிக்க வீட்டு ரெக்கார்டர் ஒன்று, வானொலியும் வெட்டும் கையும் ஒரே பெட்டியில். இதுபோன்ற பழைய தலைகளில் ரோஷெல் உப்புப் படிகம் இருக்கும், மின்சாரத்தை அசைவாக்குவது அதுதான். கடலோரக் காற்றில் அந்த உப்பு ஈரம் குடித்துச் செத்துப்போகும், எனக்கும் அதுதான் நடந்தது. தலையை மாற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

நான் வெட்டுவதில்லை, அழுத்துகிறேன். உருண்டை முனை ஊசி பொருளைக் கிள்ளி எடுக்காமல் பள்ளமாக அமுக்கிக்கொண்டு போகும். சுருளே வராது. மடிப்பாக்கம் தம்பிக்கு முதலில் இதை முயன்று பார்க்கும்படி சொல்வேன். சத்தம் கொஞ்சம் குறையும், இரைச்சல் கொஞ்சம் கூடும், ஆனால் தினமும் உட்கார்ந்து பழகலாம்.

என் தட்டுகள் எக்ஸ்ரே படங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் லெனின்கிராடில் இப்படித்தான் செய்தார்கள். அரசு விரும்பாத ஜாஸ் பாட்டுகளையும், நாட்டை விட்டுப் போன பாடகர்களின் பாட்டுகளையும், மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படங்களில் ஏற்றினார்கள். கத்தரிக்கோலால் வட்டம், நடுத்துளைக்குச் சிகரெட் நெருப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பு தெரியும், அதனால் விலா எலும்பில் இசை என்றே பெயர். செய்தவர்கள் சிறைக்கும் போனார்கள். இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் முழங்கால் படத்தையே வெட்டி, 78 வேகத்தில், பேத்தி பாடிய ஒரு நிமிடப் பாட்டை ஏற்றினேன். படம் மிக மெல்லியது, அடியில் ஒரு பழைய ரெக்கார்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

லேத்_பீளமேடு

பினாங்கு ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அழுத்தும்போது பிளாஸ்டிக் எங்கேயும் போவதில்லை, கோட்டின் இரண்டு கரையிலும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். மென்மையான படத்தில் பரவாயில்லை. பெட்-ஜியில், அதுவும் மி.மீ.க்கு 6 கோட்டில், அந்த வரப்பு பக்கத்துக் கோட்டைத் தள்ளும். தம்பியிடம் வைர ஊசி இருக்கிறது, வெட்டியே பழகட்டும். ஆனால் அந்த முழங்கால் தட்டை ஒருமுறை கேட்க வேண்டும் போல இருக்கிறது.

சேலம்_கேசட்

நான் இன்னும் கருவி வாங்கவில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். யாராவது பெட்-ஜியை விட்டு அசல் லேக்கர் தட்டுக்கு (ஸ்டூடியோக்களில் வெட்டுகிற தட்டு) போனால், அது அலுமினியத் தட்டின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ். அதன் சுருள் நெருப்புப் பட்டால் பக்கென்று பற்றும். வாக்கும் கிளீனர் பைக்குள் விடாமல் தண்ணீர் ஜாடிக்குள் இழுத்துச் சேருங்கள். லேக்கர் தட்டு செய்த கலிபோர்னியாவின் அப்போலோ தொழிற்சாலை 2020 பிப்ரவரியில் எரிந்து போனது, அப்புறம் உலகத்துக்கே தட்டு கொடுக்க ஜப்பானில் ஒரு நிறுவனம்தான் மிச்சம் இருந்தது. அதனால் விலையும் அதிகம். பழகுவதற்கு அதைத் தொட வேண்டாம்.

மடிப்பாக்கம்_ஒலி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

டி.சி. மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும் போட்ட அன்றைக்கே "ம்ம்ம்" போய்விட்டது. டயல் கேஜ் இரவல் வாங்கிப் பார்த்தால் தட்டு 70 மைக்ரான் ஏறி இறங்கியது. நடுவில் ஒரு பக்கம் மெல்லிய டேப் ஒட்டி 25-க்குக் கொண்டுவந்திருக்கிறேன். தலையை ஒரு மெல்லிய இரும்புப் பட்டையில் தொங்கவிட்டுப் பின்னால் எடை வைத்தேன், இப்போது மிதக்கிறது. ஊசியைத் திருகித் திருகி எட்டாவது முறைதான் கோடு மின்னியது. 60 மடங்கு பெரிதாக்கும் பாக்கெட் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முன்பு உழுத வயல் மாதிரி இருந்தது, இப்போது கரை இரண்டும் கத்தியால் சீவின மாதிரி.

ஸ்காபரோ அக்கா, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினதுமே பாதி இடிப்பு நின்றது, நீங்கள் சொன்னபடியே. வளைவு போட்டிருந்தேன், ஆனால் காற்றுச் சத்தத்தை விட்டுவைத்திருந்தேன். கைதட்டலை மூன்றரை டெசிபல் இறக்கினேன். வாக்கும் கிளீனரை பால்கனியில் வைத்துக் குழாயை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்தேன். சுருள் மூன்று நிமிடமும் அறுபடாமல் போனது, நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. கடைசி இருபது வினாடியில், தட்டல் நெருங்கும் இடத்தில், சத்தம் கொஞ்சம் கரகரக்கிறது. தொடக்கத்தை இன்னும் 2 மி.மீ. வெளியே தள்ளிப் பார்க்கப் போகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தட்டில் கைதட்டல் வெறும் "டப் டப்" என்றுதான் கேட்டது. இந்தத் தட்டில், ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால், அத்தையின் கண்ணாடி வளையல் கலகலக்கிறது. போன் பதிவில் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "பச்சை வளையல் போட்டிருந்தாங்க அன்னைக்கு" என்றார்.

போர்டு கடையில் இன்னும் ஆறு வட்டம் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை கிடைக்கும். சரியாக வந்ததும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.